கல மென்சவ்வுப் புரதங்களை ஒவ்வொண்டா பாக்கிறது எப்பிடி: கொழும்பில இருந்து தொடங்குற ஆக்களுக்கு

ஏஎல் பயோ படிக்கேக்க கல மென்சவ்வு கீறினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்தானே, ரெண்டு வரிசையா பொஸ்போலிப்பிட்டு, இடையில உருளைக்கிழங்கு மாதிரி அங்கங்க புரதங்கள். 1972ல சிங்கரும் நிக்கல்சனும் சொன்ன மாதிரியுரு அது. அந்தப் படத்தைப் பாத்து நான் கேக்காம விட்ட ஒரு கேள்வியிலதான் பேந்து நாலு வருஷம் போச்சு: அந்தப் புரதங்கள் உண்மையில தனித்தனியா சிதறிக் கிடக்குதா, இல்லாட்டி கூட்டம் கூட்டமா நிக்குதா? மருந்து ஒண்டு போய் ஒட்டினா அந்தக் கூட்டம் மாறுதா?

இப்ப கம்பஸில ரிசர்ச் ப்ரொஜெக்ட் தொடங்குற தம்பி தங்கச்சிமார் நிறையப் பேர் சூப்பர் ரெசலூஷன், அதாவது சாதாரண மைக்ரோஸ்கோப்பின்ர எல்லையைத் தாண்டிப் பாக்கிற முறை, பற்றிக் கேக்கினம், தமிழில எழுதி வைச்சது குறைவு, அதால நான் செய்யிற முறையை முழுசா எழுதுறன். ஒண்டை முதலே சொல்லிப்போட்டுத் தொடங்குறன். இந்த வேலையில மெஷின் உங்களை ஏமாத்திறது குறைவு, ஏமாத்திறது சாம்பிள். இல்லாத கூட்டத்தை இருக்கிற மாதிரிக் காட்டுறதுக்கு ஒவ்வொரு படியிலயும் ஒரு வழி இருக்கு, நான் கீழ சொல்லப்போற முக்கால்வாசி அதை எப்பிடித் தடுக்கிறது எண்டதுதான்.

சாதாரண ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப்பில ஏன் ஏலாது? 1873லயே ஏர்ன்ஸ்ட் அபே சொல்லிட்டார், ஒளியின்ர அலைநீளத்தை லென்ஸின்ர என்ஏயின்ர (லென்ஸ் எவ்வளவு அகலமா ஒளியைச் சேர்க்குது எண்டு சொல்லுற இலக்கம்) ரெண்டு மடங்கால பிரிச்சா வாற தூரத்துக்குக் கிட்டக்கிட்ட ரெண்டு புள்ளி இருந்தா அது ஒண்டாத்தான் தெரியும் எண்டு. சிவப்புச் சாயம் 670 நனோமீற்றர், நல்ல எண்ணெய் லென்ஸ் 1.49 எண்டு வைச்சா கணக்கு 225 நனோமீற்றர் வருது. ஒரு மென்சவ்வுப் புரதத்தின்ர அகலம் 5, 10 நனோமீற்றர்தான், அப்ப அந்த 225க்குள்ள எத்தினை புரதம் நெருக்கி நிண்டாலும் எங்களுக்கு ஒரு வெளிச்சப் பொட்டுத்தான்.

இதை எப்பிடித் தாண்டினவை எண்டு விளங்குறதுக்கு வெசாக் தோரணத்தை நினைச்சுக்கொள்ளுங்க. தூரத்தில இருந்து பாத்தா எல்லா பல்ப்பும் ஒண்டா எரியேக்க ஒரு வெளிச்சக் கும்பல், எங்க எந்த பல்ப் எண்டு தெரியாது. ஆனா ஒரு நேரத்தில ரெண்டு மூண்டு பல்ப் மட்டும் எரிஞ்சு அணைஞ்சா, ஒவ்வொரு மங்கலான பொட்டின்ரயும் நடுவை நீங்க குறிச்சுக்கொண்டே போகலாம், ஆயிரக்கணக்கான தரம் குறிச்ச பிறகு கடைசியில தோரணத்தின்ர முழுப் படமும் உங்கட கொப்பியில இருக்கும். 2006ல எரிக் பெட்சிக் ஆக்களின்ர பாம் முறையும் ஷியாவெய் சுவாங் ஆக்களின்ர ஸ்டோர்ம் முறையும் செய்தது இதைத்தான், 2008ல ஹைல்மன், சவர் ஆக்கள் இன்னும் லேசாக்கி ஒரே ஒரு சாயத்தோட செய்யிற டிஸ்டோர்மைக் கொண்டு வந்தவை. பெட்சிக், ஸ்டெஃபான் ஹெல், மோர்னர் மூண்டு பேருக்கும் 2014ல இரசாயனவியல் நோபல் கிடைச்சது. ஹெல்லின்ர ஸ்டெட் வேற வழி, டோனட் மாதிரி ரெண்டாவது லேசரால சுத்திவர அணைக்கிறது, அதை இங்க நான் எழுதேல்ல.

நான் சொல்லப்போறது டிஸ்டோர்ம், டேர்ஃப் வெளிச்சத்தோட (கண்ணாடியை ஒட்டின மெல்லிய பகுதியை மட்டும் ஒளிரவைக்கிறது, கீழ விளக்கிறன்), ஈஜிஎஃப்ஆர் எண்ட ரிசெப்டரை வைச்சு. ஏன் ஈஜிஎஃப்ஆர்? அதின்ர பெரிய தலைப்பகுதி கலத்துக்கு வெளியில நிக்குது, அதால மென்சவ்வில ஓட்டை போடாமலே லேபிள் பண்ணலாம், அதாவது சாயம் ஒட்டலாம். ஈஜிஎஃப் எண்ட வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டினா ரெண்டு ரெண்டாச் சேருது, அதால கூட்டமா தனியா எண்ட கேள்விக்கு உண்மையான அர்த்தம் இருக்கு. செட்டக்ஸிமாப் எண்ட புற்றுநோய் மருந்து ஒட்டுறதும் இதிலதான். நீங்க வேற புரதம் எடுத்தாலும் முதல் பாக்க வேண்டியது இதுதான், உங்கட அன்டிபொடி பிடிக்கிற இடம் வெளியிலயா உள்ளயா. உள்ளுக்கை எண்டா சவர்க்காரம் மாதிரி வேலை செய்யிற ட்ரைடன் போட்டு ஓட்டை போடோணும், ட்ரைடன் லிப்பிட்டைக் கரைச்சு எடுத்துக்கொண்டு போயிடும், பேந்து நீங்க பாக்கிறது மென்சவ்வு இல்லை அதின்ர மிச்சம். ஏலுமெண்டா வெளிப்பக்க அன்டிபொடியைத் தேடி எடுங்க, ஒரு மாசம் கூடப் போனாலும் பரவாயில்லை.

கவர்ஸ்லிப்பில இருந்து தொடங்குவம். 0.17 மில்லிமீற்றர் தடிப்பு, பெட்டியில 1.5எச் எண்டு போட்டிருக்கும், அது இல்லாம கிடைக்கிறதை வாங்கிப் போடாதீங்க, இந்த லென்ஸ்கள் எல்லாம் அந்தத் தடிப்புக்கெண்டு செய்தது. ஒரு மோலர் பொட்டாசியம் ஹைட்ரொக்சைட்டில சோனிகேட்டரில 20 நிமிஷம், தண்ணியில நல்லாக் கழுவி, எதனோலில வைச்சு எடுங்க. கழுவாத கண்ணாடியில லேசரைப் போட்டா கண்ணாடியே சிமிட்டும், ஒரு புரதமும் இல்லாத இடத்தில நூறு புள்ளி வரும். நான் ஒவ்வொரு தரமும் ஒரு கவர்ஸ்லிப்பை செல்ஸ் இல்லாம விட்டு அதையும் படம் எடுக்கிறனான், அது கறுப்பா வந்தாத்தான் மிச்சத்தை நம்புவன்.

செல்ஸ் போட்டு அடுத்த நாள், பாதித் தட்டு நிரம்பியிருக்கேக்க ஃபிக்ஸ் பண்ணுங்க, அதாவது இரசாயனத்தால செல்லை இருந்தபடியே கட்டிப்போடுங்க. இதில கொஞ்சம் நிண்டு கதைக்கோணும், ஏனெண்டா அதிகம் பேர் பிழை விடுறது இங்கதான். எல்லாரும் 4 வீதம் பிஎஃப்ஏ (பராஃபோமல்டிஹைட்) 10 நிமிஷம் போட்டுட்டு புரதங்கள் அசையாம நிக்குது எண்டு நினைக்கினம். நிக்கிறேல்ல. ஃபிக்ஸ் பண்ணின பிறகும் மென்சவ்வு மூலக்கூறுகள் நீந்துது எண்டு 2010ல ஜப்பானில ஒவ்வொரு மூலக்கூறாப் பின்தொடர்ந்து பாத்துக் காட்டியிருக்கினம். நீந்திக்கொண்டிருக்கிற புரதத்துக்கு நீங்க அன்டிபொடியைப் போட்டா என்ன நடக்கும்? அன்டிபொடிக்கு ரெண்டு கை, ஒரு கையால ஒண்டையும் மற்றக் கையால பக்கத்தில போறதையும் பிடிக்கும், ரெண்டாவது அன்டிபொடி வந்து அதுகளைச் சேத்துக் கட்டும், கடைசியில வடிவான கூட்டங்கள் தெரியும், எல்லாம் நீங்களே செய்தது. எங்கட முதல் மூண்டு மாச டேட்டாவும் இப்பிடித்தான் போச்சு, அதை நினைச்சா இப்பவும் எனக்கு மனசு கஷ்டம், அதாலதான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்லுறன்.

அதால பிஎஃப்ஏ 4 வீதத்தோட குளூட்டரல்டிஹைட் 0.2 வீதம் சேருங்க, 37 பாகைக்குச் சூடாக்கிப் போட்டு 30 நிமிஷத்துக்குக் குறையாம வையுங்க. பிஎஃப்ஏ மெதனோல் இல்லாத ஆம்பியூலில இருந்து அண்டண்டைக்கு உடைச்சு எடுத்தது. மெதனோலால ஃபிக்ஸ் பண்ணுற பழைய முறை மென்சவ்வு வேலைக்கு ஏலவே ஏலாது, லிப்பிட் முழுக்கப் போயிடும். குளூட்டரல்டிஹைட் தானே கொஞ்சம் ஒளிரும், அதை அடக்கிறதுக்கு 0.1 வீதம் சோடியம் போரோஹைட்ரைட்டைப் போடுற நேரத்திலயே கரைச்சு 7 நிமிஷம், குமிழ் வரும் பயப்பிடாதீங்க, பிறகு பிபிஎஸ் எண்ட உப்புக் கரைசலால மூண்டு தரம் கழுவுங்க. எல்லாம் ஃபியூம் ஹூட்டுக்குள்ள, கிளவுஸோட. பிஎஃப்ஏயும் குளூட்டரல்டிஹைட்டும் மூச்சுக்குழாயை எரிக்கிற சாமான்.

பிறகு அன்டிபொடி கண்ட இடத்தில ஒட்டாம இருக்க 3 வீதம் பிஎஸ்ஏ எண்ட மாட்டு இரத்தப் புரதத்தில ஒரு மணித்தியாலம் புளொக் பண்ணிப்போட்டு லேபிள். இங்க உங்களுக்கு ரெண்டு வழி. முதல் அன்டிபொடி, அதுக்கு மேல சாயம் பூசின ரெண்டாவது அன்டிபொடி எண்டது மலிவு, ஆனா சாயம் நிக்கிற இடம் புரதத்தில இருந்து 20 நனோமீற்றர் வரை தள்ளிப் போகலாம். நீங்க 20 நனோமீற்றரில படம் எடுக்கப்போறீங்க, பிழையே அவ்வளவு எண்டா என்ன பிரயோசனம். நேரா சாயம் ஒட்டின அன்டிபொடித் துண்டு, ஒரு கை மட்டும் உள்ள ஃபாப், இல்லாட்டி நனோபொடி எண்ட மிகச் சின்ன அன்டிபொடி எடுங்க. சாதாரண அன்டிபொடி 150 கிலோடால்ட்டன், நனோபொடி 15தான், அளவு 3, 4 நனோமீற்றர், ஒரு கைதான் எண்டபடியா ரெண்டைச் சேத்துக் கட்டவும் மாட்டுது. காசு கூட, அது உண்மை, ஆனா மென்சவ்வுக் கேள்விக்கு நான் வேற எதையும் இப்ப பாவிக்கிறேல்ல.

சாயம் அலெக்சா 647. டிஸ்டோர்மில இதுமாதிரி வடிவா சிமிட்டுற சாயம் குறைவு, ஒரு சிமிட்டலில ஆயிரக்கணக்கில போட்டன் தரும். நீங்களே ஒட்டுறதெண்டா புரதம் இருக்கிற பஃபரில ட்ரிஸ் (பிஎச்சை நிலையா வைக்கப் போடுறது), அசைட் (கிருமி வளராம இருக்கப் போடுறது) ஒண்டும் இருக்கக்கூடாது, ட்ரிஸ் தானே சாயத்தைத் தின்னும். ஒரு ஃபாப்புக்கு சராசரி ஒரு சாயம் போதும், மூண்டு நாலு ஏத்தினா ஒரே புரதம் பல புள்ளியா வரும். லேபிள் பண்ணி ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு அஞ்சு தரம் கழுவிப்போட்டு, திரும்பவும் 10 நிமிஷம் பிஎஃப்ஏயும் கொஞ்சம் குளூட்டரல்டிஹைட்டும் போட்டு ஒட்டினதைக் கழரவிடாமப் பூட்டுங்க.

இப்ப கொழும்புக் கதை கொஞ்சம். இங்க ஈரலிப்பு எப்பவும் கூட, மழை தொடங்கினா இன்னும் மோசம். சாயத்தைச் சிமிட்ட வைக்கிற பஃபருக்குப் போடுற எம்இஏ எண்ட தூள் காத்தில இருக்கிற தண்ணியை இழுத்துக் களியாப் போயிடும், போத்தலைத் திறந்து திறந்து நிறுக்காதீங்க, வந்த அண்டைக்கே சின்னச் சின்னக் குழாயில 77 மில்லிகிராம் படி பிரிச்சு, சிலிக்கா ஜெல்லோட மூடி ஃப்ரீசரில வையுங்க. ஒரு குழாயில ஒரு மில்லிலீற்றர் விட்டா ஒரு மோலர், கணக்கும் சுகம். லென்ஸுக்கும் இதே கவலைதான், ஏசி நிப்பாட்டின ரூமில லென்ஸை விட்டா பூஞ்சணம் பிடிக்கும், பிடிச்சா கண்ணாடிப் பூச்சையே அரிச்சிடும். காத்துப் போகாத பெட்டி ஒண்டு, உள்ள சிலிக்கா ஜெல், நீலம் ரோசாவா மாறினா சூடாக்கித் திரும்பப் போடுறது, அவ்வளவுதான் செலவு. 2022ல 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாம இருந்த நாளில அன்டிபொடிகளை ஐஸ் பெட்டியில கட்டிக்கொண்டு ஜெனரேட்டர் இருக்கிற இடங்களுக்குத் திரிஞ்ச ஆக்களுக்குத் தெரியும், ஒரே குழாயில முழுசையும் வைக்கிறது எவ்வளவு ஆபத்து எண்டு. 10 மைக்ரோலீற்றர் படி பிரிச்சு ரெண்டு ஃப்ரீசரில வையுங்க.

மெஷின் கிட்ட இல்லாட்டி சாம்பிளைக் கொண்டு போகோணும். நாங்க இங்க ஃபிக்ஸ் பண்ணி லேபிள் பண்ணி வெளிநாட்டில ஒரு லெப்புக்குக் கொண்டு போறனாங்கள். கண்ணாடி அடியுள்ள எட்டுக் கிண்ண சேம்பரில விளிம்பு வரைக்கும் பிபிஎஸ் நிரப்பி, 0.02 வீதம் சோடியம் அசைட் போட்டு, பாராஃபிலிம் ரெண்டு சுத்து, அலுமினியம் ஃபொயிலில சுத்தி 4 பாகையில. ஒருக்கா காஞ்சுதெண்டா அந்தச் சாம்பிள் முடிஞ்சுது. ஒரு விசயம் மறந்திடாதீங்க, அசைட் கட்டலேஸ் நொதியை நிப்பாட்டும், படம் எடுக்க முதல் அதை நல்லாக் கழுவி எடுக்காட்டி உங்கட பஃபர் வேலை செய்யாது. இதை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல, ரெண்டு நாள் மெஷின் நேரம் அதிலயே போச்சு.

அந்த பஃபர் இதுதான்: 50 மில்லிமோலர் ட்ரிஸ் பிஎச் 8, 10 மில்லிமோலர் சோடியம் குளோரைட், 10 வீதம் குளுக்கோஸ், மில்லிலீற்றருக்கு 0.5 மில்லிகிராம் குளுக்கோஸ் ஒக்சிடேஸ், 40 மைக்ரோகிராம் கட்டலேஸ், எம்இஏ 100 மில்லிமோலர். ஒக்சிடேஸ் ஒட்சிசனைத் தின்னுது, கட்டலேஸ் அதில வாற ஐதரசன் பெரொக்சைட்டை உடைக்குது, எம்இஏ சாயத்தை இருட்டு நிலைக்குத் தள்ளுது. எம்இஏ ஸ்டொக் அமிலத்தில கரைச்சதெண்டா கலந்த பிறகு பிஎச்சைத் திரும்பப் பாருங்க. குளுக்கோஸ் உடைய உடைய குளுக்கோனிக் அமிலம் சேர்ந்து பிஎச் இறங்கும், எங்கட வெக்கைக்கு இன்னும் கெதியா, அதால ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கா புதுசு மாத்துங்க, மேல காத்துப் போகாம மூடுங்க. காலமை எடுத்த படம் வடிவு, பின்னேரம் எடுத்தது மங்கல் எண்டா மெஷினைச் சந்தேகப்படாதீங்க, முதல் பஃபரைப் பாருங்க.

மெஷினில இருக்கேக்க முதல் அரை மணித்தியாலம் ஒண்டும் எடுக்காதீங்க. சாம்பிளும் ஸ்டேஜும் ஒரே வெப்பநிலைக்கு வரட்டும். ஏசி போட்டுப் போட்டு நிக்கிற ரூமில ஒவ்வொரு தரம் அது தொடங்கேக்கயும் ஸ்டேஜ் நூறு நனோமீற்றர் நகரலாம், எங்களுக்கு வேணும் எண்டது 20. 100 நனோமீற்றர் தங்கத் துணிக்கையைக் கவர்ஸ்லிப்பில கொஞ்சம் தூவி விடுங்க, அது எப்பவும் ஒளிரும், அது நகர்ந்த அளவை வைச்சு மற்றதெல்லாத்தையும் பிறகு திருத்தலாம். நீங்க இருக்கிற கட்டிடம் காலி வீதிக்கோ கடற்கரை ரெயில் பாதைக்கோ பக்கத்தில எண்டா அதிர்வு தாங்குற மேசை இருந்தாலும் பஸ் ஓட்டம் குறைஞ்ச இரவில ஒருக்கா எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க.

டேர்ஃப் எண்டா லேசரைச் சரிச்சு, கண்ணாடிக்கும் தண்ணிக்கும் இடையில 61 பாகையைத் தாண்டி அடிக்கிறது, அப்ப ஒளி முழுக்கத் திரும்பிப் போயிடும், கண்ணாடியை ஒட்டின 100, 200 நனோமீற்றருக்கு மட்டும் கொஞ்சம் கசியும். மென்சவ்வு நிக்கிறது சரியா அந்த இடத்தில, உள்ள இருக்கிற குப்பை ஒண்டும் ஒளிராது. குறைஞ்ச வெளிச்சத்தில செல்லைத் தேடி, தட்டையா ஒட்டியிருக்கிற இடத்தில ஃபோக்கஸ் வைச்சு, பிறகு 640 நனோமீற்றர் லேசரை முழுசாக் கூட்டுங்க. முதல் சில செக்கன் எல்லாம் வெள்ளையா எரிஞ்சு பிறகு அடங்கும், அடங்கி அங்கொண்டும் இங்கொண்டுமா சிமிட்டத் தொடங்கேக்கதான் ரெக்கோர்டிங். ஒரு ஃப்ரேம் 20 மில்லிசெக்கன், 30,000 ஃப்ரேம், பத்து நிமிஷம். சிமிட்டல் குறைஞ்சா 405 லேசரைக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்க. ரெண்டு பொட்டு ஒண்டில ஒண்டு ஏறுற அளவுக்குக் கூட்டினா இடையில இல்லாத புள்ளி ஒண்டைக் கணினி கண்டுபிடிக்கும், அதுவும் பொய்க் கூட்டம்தான். 256க்கு 256 பிக்சல் எடுத்தாலும் ஒரு செல்லுக்குக் கிட்டத்தட்ட 4 ஜிபி வரும், வெளி ஹார்ட் டிஸ்க் ரெண்டு கொண்டு போங்க.

கணக்குப் போடுறதுக்குக் காசு வேண்டாம், படங்களை ஆராயிற ஃபிஜி மென்பொருளும் அதுக்குள்ள புள்ளிகளைக் கண்டுபிடிக்கிற தண்டர்ஸ்டோர்ம் பிளகினும் இலவசம். கெமராவின்ர பிக்சல் அளவு, கெயின் (சிக்னலைப் பெருக்கிற அளவு) ரெண்டையும் சரியாக் குடுங்க, அது பிழைச்சா போட்டன் எண்ணிக்கை பிழைக்கும், அது பிழைச்சா துல்லியக் கணக்கும் பிழை. ஒரு பொட்டின்ர நடுவைக் கண்டுபிடிக்கிற துல்லியம் போட்டன் எண்ணிக்கையின்ர வர்க்கமூலத்தோட கூடுது, அதாவது நாலு மடங்கு போட்டன் கிடைச்சா ரெண்டு மடங்கு துல்லியம். 25 நனோமீற்றருக்கு மேல பிழை உள்ள புள்ளிகளை வெட்டிவிடுங்க, தங்கத் துணிக்கையால நகர்வைத் திருத்துங்க, அடுத்தடுத்த ஃப்ரேமில ஒரே இடத்தில வாறதை ஒண்டாச் சேருங்க.

இப்ப படம் வந்திட்டுது, அதில கூட்டங்கள் தெரியுது, எல்லாருக்கும் சந்தோஷம். இங்கதான் நிக்கோணும். அலெக்சா 647 ஒருக்கா எரிஞ்சு சாகிற சாயம் இல்லை, ஒரே மூலக்கூறு பல தரம் சிமிட்டும், ஒவ்வொரு தரமும் 10, 15 நனோமீற்றர் தள்ளித் தள்ளி விழும். அப்ப தனியா நிக்கிற ஒரே ஒரு புரதமே 30 நனோமீற்றர் அகலத்தில பத்துப் புள்ளியுள்ள கூட்டமாத் தெரியும். டிபிஸ்கான், ரிப்ளி கே எண்டு கூட்டம் தேடுற எந்தக் கணக்குப் போட்டாலும் அதுகளும் அதைக் கூட்டம் எண்டுதான் சொல்லும்.

நான் செய்யிறது ரெண்டு. ஒண்டு, சாயம் ஒட்டின ஃபாப்பை வெறும் கண்ணாடியில சரியான ஐதா ஒட்டவைச்சு, அதே பஃபர் அதே லேசரில எடுத்து, ஒரு மூலக்கூறு எத்தினை தரம் சிமிட்டுது எவ்வளவு பரவுது எண்டு அளக்கிறது. செல்லில தெரியிற கூட்டம் அதை விடப் பெரிசா இல்லாட்டி அது கூட்டம் இல்லை. ரெண்டாவது, லேபிளின்ர அளவைப் படிப்படியாக் குறைச்சு நாலஞ்சு சாம்பிள் எடுக்கிறது, சாயம் இல்லாத ஃபாப்பையும் கலந்து மொத்தத்தை ஒரே அளவில வைச்சுக்கொண்டு. சாயமுள்ளது குறையக் குறைய கூட்டத்துக்குள்ள இருக்கிற புள்ளி எண்ணிக்கை குறைஞ்சு போனா அங்க உண்மையிலயே பல புரதம் சேர்ந்து நிக்குது. உள்ளுக்கை எண்ணிக்கை அப்பிடியே இருந்து கூட்டங்களின்ர தொகை மட்டும் குறைஞ்சா நீங்க பாத்தது ஒத்தைச் சாயங்களின்ர சிமிட்டல். இந்தச் சோதனைக்கு கூட ஒரு கிழமை வேணும், அதை விட்டுப்போட்டு எழுதின எந்தக் கூட்டத்தையும் நான் நம்பிறேல்ல, என்ர சொந்த டேட்டாவையும் சேத்துத்தான். ஈஜிஎஃப் போட்ட செல், போடாத செல் ரெண்டையும் ஒரே நாளில ஒரே பஃபரில எடுத்து ஒப்பிடுங்க, நாள் மாறினா சிமிட்டலும் மாறும்.

ஸ்டோர்ம் மெஷினுக்குப் போற வழியே இல்லை எண்டா விட்டுப்போட்டுப் போகாதீங்க. 2015ல வந்த எக்ஸ்பான்ஷன் முறையில சாம்பிளையே ஊத வைக்கிறது, குழந்தைகளின்ர டயப்பருக்குள்ள இருக்கிற அதே சோடியம் பொலிஅக்ரிலேட் ஜெல்லுக்குள்ள செல்லைப் பிடிச்சு, நொதியால இளக்கி, சுத்தத் தண்ணியில விட்டா நாலு நாலரை மடங்கு பெருக்கும், பிறகு சாதாரண கொன்ஃபோக்கல் மைக்ரோஸ்கோப்பிலயே 70 நனோமீற்றர் மட்டுக்குத் தெரியும். ஒண்டு மட்டும், இதுக்கு அலெக்சா 647 கொண்டு வராதீங்க, ஜெல் இறுகேக்க அந்தச் சாயம் செத்துப்போகும், அலெக்சா 488 எடுங்க. ஜெல் உண்மையில எத்தினை மடங்கு பெருத்தது எண்டு ஒவ்வொரு தரமும் அடிமட்டத்தால அளந்து கொப்பியில எழுதி வையுங்க, ஊத முதல் ஒருக்கா, ஊதின பிறகு ஒருக்கா, ஏனெண்டா 4.1 எண்டதுக்கும் 4.5 எண்டதுக்கும் உங்கட கடைசித் தூரக் கணக்கில பத்து வீத வித்தியாசம் வரும்.